எத்தனை சிசி வாங்கலாம் என்று கேட்ட செவ்வாய்ப்பேட்டைத் தம்பிக்கு

கேள்வி: அண்ணா, வணக்கம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 31. உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம், எடை 63 கிலோ. பத்து வருடமாக ஒரே 150 சிசி வண்டி. அடுத்த ஜூலையில் ஸ்பிட்டி, லடாக் போய்வர ஆசை. ஞாயிற்றுக்கிழமைகளில் கொல்லிமலை, கல்வராயன் மலை என்று மண் ரோட்டிலும் சுற்ற வேண்டும். சில பயணங்களில் மனைவியும் வருவார். நண்பர்கள் எல்லோரும் “800 சிசிக்குக் கீழே வாங்கினால் லாங் போக முடியாது” என்கிறார்கள். செகண்ட் ஹேண்டில் அப்படி ஒரு வண்டி வருகிறது, விலையும் படிகிற மாதிரி இருக்கிறது. வாங்கலாமா? இல்லை என்றால் எத்தனை சிசி சரி?

பதில்:

தம்பி, அந்த 800 சிசி வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா? கொடுக்கவில்லை என்றால் மேலே படியுங்கள். கொடுத்துவிட்டால் முதலில் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்து படியுங்கள்.

நீங்கள் அனுப்பிய கடிதத்தில் சிசி என்ற, இஞ்சின் அளவைச் சொல்லும் வார்த்தை மூன்று முறை வருகிறது, வண்டியின் எடை எத்தனை கிலோ என்று ஒரு இடத்தில்கூட இல்லை. இருபது வருடத்துக்கு மேலாகக் கடை வைத்திருக்கிறேன், வருகிற பையன்கள் எல்லோரும் இதையேதான் செய்கிறார்கள். எத்தனை சிசி, எத்தனை குதிரைத் திறன், டாப் ஸ்பீடு என்ன. எடையை யாரும் கேட்பதில்லை. சங்ககிரியில் ஒரு லாரிக்காரரிடம் போய் “அண்ணா, ஒரு நல்ல லாரி சொல்லுங்கள்” என்று கேட்டால் அவர் இஞ்சினைப் பற்றிப் பேசவே மாட்டார். என்ன லோடு, எந்த ரூட், காலியாகத் திரும்புவீர்களா, லோடோடு திரும்புவீர்களா என்று கேட்டுவிட்டு அப்புறம்தான் ஆறு சக்கரமா பத்துச் சக்கரமா என்ற பேச்சுக்கே வருவார். பைக்குக்கும் அதே கணக்குதான்.

எடையைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் பெரிய வண்டியை, நீங்கள் சொல்லும் அதே அளவுதான், ஏற்காட்டுக்கு எடுத்துப் போனேன். அடிவாரத்தில் இருந்து மேலே போகும் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் அல்வா மாதிரி இருந்தன. ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் போதும், இழுத்துக்கொண்டு போகிறது. அந்தத் தெம்பில் நாகலூர் தாண்டி ஒரு காபி எஸ்டேட் ஓரமாகப் போகும் செம்மண் பாதையில் இறக்கிவிட்டேன். முந்தின நாள் மழை. ஒரு வளைவில் முன் சக்கரம் வழுக்கியது, வேகம் பதினைந்துகூட இருக்காது, காலை ஊன்றினேன், ஊன்றிய இடத்தில் பள்ளம். அவ்வளவுதான், வண்டி மெதுவாக, பசுமாடு படுப்பது மாதிரிப் படுத்துவிட்டது. எனக்கு ஒரு கீறல் இல்லை, வண்டிக்கும் பெரிய சேதம் இல்லை. ஆனால் தூக்க முடியவில்லை. முக்கால் மணி நேரம் முக்கினேன். முதல் தடவை பாதி தூக்கியபோது கால் வழுக்கி மறுபடி படுத்தது, இரண்டாவது தடவை இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது, அதற்குமேல் பக்கத்துச் சில்வர் ஓக் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது கீழே இருந்து ஒருவர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வருகிறார். பின்னால் ஒரு கேஸ் சிலிண்டர், முன்னால் கால் வைக்கும் இடத்தில் ஒரு மூட்டை. அதே சேறு, அதே வளைவு. ஓரிடத்தில் இரண்டு காலையும் ஊன்றித் தள்ளிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நிறுத்தி, “என்னங்க, படுத்துக்கிச்சா?” என்று கேட்டார். அவருடைய வண்டி 100 சிசிகூட முழுதாக இல்லை, எடை தொண்ணூறு கிலோவுக்குள். இரண்டு பேருமாகச் சேர்ந்து என் வண்டியைத் தூக்கினோம். அவர் போய்விட்டார். நான் கால்நடையாக அந்தப் பாதையின் மிச்சத்தைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

ஏற்காட்டில் உதவிக்கு ஆள் வரும். ஸ்பிட்டி போகும் வழியில் பாட்டல் பக்கம் பாறையும் ஓடைத் தண்ணீருமாகக் கிடக்கும் ரோட்டில், காற்றில் ஆக்ஸிஜன் குறைவாக இருக்கும் இடத்தில், வண்டியைப் போட்டுவிட்டுத் தனியாக நின்று பாருங்கள். இங்கே ஒரு தடவை தூக்கினால் வரும் மூச்சிரைப்பு அங்கே மூன்று மடங்கு. அதனால் நான் எல்லோருக்கும் சொல்லும் அளவுகோல் ஒன்றே ஒன்று: முழு லக்கேஜோடு, சரிவில் விழுந்து கிடக்கும் வண்டியை, ஒரே நாளில் மூன்றாவது முறையாக, யார் துணையும் இல்லாமல் உங்களால் நிமிர்த்த முடிகிறதா? முடிந்தால் அது உங்கள் சைஸ். முடியாவிட்டால் அது எவ்வளவு நல்ல வண்டியாக இருந்தாலும் வேறு யாருக்கோ செய்தது. முதல் முறை எல்லோரும் தூக்கிவிடுவார்கள், வீம்பிலேயே தூக்கிவிடலாம். மூன்றாவது முறைதான் உண்மையைச் சொல்லும்.

இப்போது எடைகளைப் பாருங்கள், எல்லாம் பெட்ரோல் நிரப்பிய கணக்கு. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 கிட்டத்தட்ட 160 கிலோ, புதிய 210 அதைவிடக் கொஞ்சம் கூட, 168 பக்கம். சுசூகி வி-ஸ்ட்ராம் 250 எஸ்எக்ஸ் 167. கேடிஎம் 390 அட்வென்ச்சர் 180-ஐ ஒட்டி. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் பழைய 411 சிசி 199, புதிய 450 வண்டி 196. பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் 249. இதன் மேல் உங்கள் லக்கேஜ் ஒரு 25 கிலோ. 800, 900 சிசி ரகங்கள் பெரும்பாலும் 200-க்கும் 230-க்கும் இடையில் இருக்கும், அதில் இரும்புப் பெட்டி, கிராஷ் கார்டு எல்லாம் மாட்டினால் நீங்கள் தூக்க வேண்டியது கால் டன்னுக்கு மேல். உங்கள் எடை 63. உங்களைப் போல நான்கு பேரைத் தரையில் படுக்கவைத்து ஒரே மூச்சில் நிமிர்த்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

“ஆனால் லாங் போக பெரிய இஞ்சின் வேண்டாமா அண்ணா” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், இதில் உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. சேலத்துக்காரனுக்கு ஒரு வசதி, நம் ஊர் வழியாகத்தான் என்எச் 44 போகிறது. கன்னியாகுமரியில் இருந்து ஸ்ரீநகர் வரை போகும் ரோடு. கொண்டலாம்பட்டியில் ஏறினால் தொப்பூர் கணவாய், கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு, கர்நூல், ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா என்று டெல்லி வரை ஒரே ரோடு, 2,300 கிலோமீட்டருக்கு மேல். எல்லாம் தார், எல்லாம் நாலு வழி. அதாவது நீங்கள் “ஆஃப்ரோடு பயணம்” என்று நினைக்கும் அந்தப் பயணத்தில் போக வர சுமார் ஐயாயிரம் கிலோமீட்டர் நல்ல தார் ரோடு. மண்ணும் கல்லும் தண்ணீரும் சேர்த்தால் சில நூறு கிலோமீட்டர் வரும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் சின்ன வண்டி திணறும். எக்ஸ்பல்ஸ் 200 நான்கு வால்வு வண்டிக்கு 19 குதிரைத் திறன். லக்கேஜோடு 75, 80-இல் நாள் முழுக்க ஓடும், எந்தக் குறையும் சொல்லாது. 100-இல் வைத்தால் ஓடும், ஆனால் கத்தும், எதிர்க்காற்று வந்தால் 90-க்கு இறங்கும், பின்னால் வரும் பஸ் ஹாரன் அடித்தே உங்களைத் தள்ளிவிடும். 411 ஹிமாலயன் 24 குதிரை, 90-இல் நிம்மதி. புதிய 450 வண்டிக்கு 40 குதிரை, அது 110-இலும் சலிக்காது. அதற்கு மேல் என்ன வேண்டும்? நாலு வழி ரோட்டில் இரண்டு சக்கர வண்டிக்கு மத்திய அரசு 2018-இல் வைத்த உச்ச வேகமே மணிக்கு 80 கிலோமீட்டர்தான். 80-இல் போக எதற்கு 95 குதிரை? (சுங்கச்சாவடியில் பைக்குக்குக் காசு கிடையாது என்பது ஒன்றுதான் நமக்கு அந்த ரோட்டில் கிடைக்கும் மரியாதை.)

அடுத்தது உயரம். ஏற்காடே கடல் மட்டத்தில் இருந்து 1,500 மீட்டர் இருக்கிறது, அங்கேயே பழைய கார்புரேட்டர் வண்டிகளின் ஓட்டத்தில் கொஞ்சம் வித்தியாசம் தெரியும். ஆயிரம் மீட்டர் ஏறினால் இஞ்சின் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும் என்று ஒரு தோராயக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். லடாக்கில் இருக்கும் கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர். அங்கே காற்றழுத்தம் ஏறக்குறையப் பாதிதான். எஃப்ஐ வண்டி, அதாவது கார்புரேட்டர் இல்லாமல் சென்சார் பார்த்துப் பெட்ரோல் தெளிக்கும் வண்டி, பெட்ரோலைக் குறைத்துக் கலவையைச் சரியாக வைத்துக்கொள்ளும், புகை அடிக்காது, ஆனால் இல்லாத காற்றை அதுவும் உண்டாக்க முடியாது. 40 குதிரை வண்டி அங்கே 20 குதிரை, 19 குதிரை வண்டி ஒன்பது பத்து. அதாவது உங்கள் எக்ஸ்பல்ஸ் கர்துங் லாவில் ஒரு ஆர்எக்ஸ் 100 ஆகிவிடும், எடை மட்டும் அப்படியே 160. தனியாக ஒருவர் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஏறிவிடலாம், தினமும் ஆட்கள் ஏறுகிறார்கள். செயின் மாட்டும் பல் சக்கரத்தில், அதாவது முன் ஸ்ப்ராக்கெட்டில், ஒரு பல் குறைத்துப் போட்டால் இன்னும் சுலபம், செலவும் குறைவு. மனைவியையும் வைத்துக்கொண்டு என்றால் அது பாவம், வண்டிக்கும் சரி, கிளட்ச் பிளேட்டுக்கும் சரி.

பெட்ரோல் விஷயம் சுருக்கமாக. மணாலியில் இருந்து லே போகும் வழியில் டாண்டி பங்க்கில் “அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்” என்ற பலகை பிரபலம், நின்று போட்டோ எடுக்காத ஆள் இல்லை. எக்ஸ்பல்ஸுக்கு 13 லிட்டர் டேங்க், 411-க்கு 15, புது ஹிமாலயனுக்கு 17. லிட்டருக்கு முப்பதுக்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுத்தால்கூட மூன்றும் கடந்துவிடும், ஐந்து லிட்டர் கேன் ஒன்று கூட இருந்தால் நிம்மதி. 800 சிசிக்கு மேல் போனால் லிட்டருக்கு இருபது என்று வைத்துக்கொள்ளுங்கள், 20 லிட்டர் டேங்க் இருந்தும் அதே தூரம்தான். பெரிய டேங்க் என்பது பெரிய வயிற்றுக்காகத்தான்.

சீட் உயரத்துக்கு வருவோம், இது உங்கள் உயரத்துக்கு முக்கியம். ஒரு புத்தகத்தைக் கால்களுக்கு இடையில் மேலே இறுக்கமாக வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு சுவரில் முதுகு ஒட்ட நின்று, புத்தகத்தின் மேல் விளிம்பு வரை தரையில் இருந்து டேப் பிடியுங்கள். ஐந்தடி ஐந்துக்கு 75 சென்டிமீட்டரை ஒட்டி வரும். 411-இன் சீட் 80 சென்டிமீட்டர், எக்ஸ்பல்ஸ் 82.5, புதிய 450 குறைத்து வைத்தால் 82.5 உயர்த்தினால் 84.5, முதலில் வந்த 390 அட்வென்ச்சர் 85.5. இந்த எண்களைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நம்பவும் வேண்டாம். சீட் முன்பக்கம் ஒடுக்கமாக இருந்தால் கால் நேராக இறங்கும், அகலமாக இருந்தால் அதே உயரத்தில் கால் எட்டாது. நீங்கள் உட்கார்ந்ததும் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது என்பதும் இருக்கிறது, 63 கிலோவுக்கு அதிகம் அமுங்காது. இரண்டு பாதமும் தட்டையாக ஊன்ற வேண்டும் என்ற அவசியம் இல்லை, சீட்டில் கொஞ்சம் நகர்ந்து இடது பாதம் முழுதாக ஊன்றினால் போதும். ஆனால் அது சமதரைக் கணக்கு. கொல்லிமலை மாதிரி எழுபது வளைவு உள்ள இடத்தில் ஒரு வளைவின் உள்பக்கம் நின்றுவிட்டால், ஊன்ற வேண்டிய பக்கம் தரை அரை அடி கீழே இருக்கும். என் கதையில் வந்த பள்ளம் மாதிரி. அங்கே கனமான வண்டி உங்களைக் கேட்காது. “லிங்க் மாற்றி இறக்கித் தருகிறேன்” என்று, பின் ஸ்பிரிங்கைத் தாங்கும் இணைப்பை மாற்றி வண்டியைத் தாழ்த்தித் தருவதாக யாராவது சொன்னால் உடனே சரி என்று சொல்லாதீர்கள், தரைக்கும் இஞ்சினுக்கும் உள்ள இடைவெளியும் சேர்ந்து குறையும், அந்த இடைவெளிக்காகத்தானே இந்த மாதிரி வண்டியே வாங்குகிறோம். சீட் ஃபோமைச் சீவுவது பரவாயில்லை, ஆனால் நாளுக்கு ஐந்நூறு கிலோமீட்டர் போகும்போது உட்காரும் இடம் அதற்கான கூலியைக் கேட்கும்.

சக்கரம், டயர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் நீட்டப் போவதில்லை. முன்னால் 21 அங்குல ஸ்போக் வீல் கல்லில் ஏறி இறங்க நல்லது, 19 அங்குலம் தார் ரோட்டுக்கும் மண் ரோட்டுக்கும் பொது. டியூப் உள்ள டயர் என்றால் பஞ்சர் ஒட்ட நீங்களே கற்றுக்கொண்டாக வேண்டும். கையால் காற்றடிக்கும் பம்ப், இரண்டு டியூப், மூன்று டயர் லீவர். கடைக்கு வாருங்கள், ஒரு மதியம் போதும், சொல்லித் தருகிறேன்.

அப்புறம் நீங்கள் யோசித்தே பார்க்காத ஒரு வழி. வண்டியை இங்கிருந்தே ஓட்டிக்கொண்டுதான் போக வேண்டுமா? சேலம் ஜங்ஷன் பார்சல் ஆபீஸில் வண்டியை ரயிலில் போட்டால் டெல்லியில் இறக்கிக்கொள்ளலாம். ஆர்சி நகல், அடையாள அட்டை வேண்டும், டேங்க்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இருக்கக் கூடாது, சாக்கு சுற்றிக் கட்ட ஸ்டேஷன் வாசலிலேயே ஆட்கள் இருப்பார்கள். கண்ணாடி, இண்டிகேட்டர் இரண்டையும் நீங்களே கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், அதை மற்றவர் பொறுப்பில் விட வேண்டாம். நீங்கள் போகும் ரயிலிலேயே வண்டியும் வரும் என்று எதிர்பார்க்காமல் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். இப்படிச் செய்தால் போக வர ஐயாயிரம் கிலோமீட்டர் தார் ரோடு கணக்கில் இருந்தே போய்விடுகிறது, பத்து நாள் லீவும் மிச்சம், பட்டறையையும் அவ்வளவு நாள் பூட்ட வேண்டாம். பெரிய இஞ்சின் வேண்டும் என்பதற்கு இருந்த ஒரே நல்ல காரணமும் அதோடு போகிறது.

சிலர் இதை ஏமாற்று வேலை என்பார்கள். சொல்லட்டும். நாக்பூர் வெயிலில் 80-இல் போவதில் என்ன சாகசம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நோராலி ஷூன்மேக்கர் என்ற டச்சுப் பெண்மணி 2018-இல் இந்தியாவில் வாங்கிய 411 ஹிமாலயனில்தான் நெதர்லாந்து வரை போனார். பிறகு தென் அமெரிக்காவில் இருந்து அலாஸ்கா போக அவர் எடுத்த ஹோண்டா அதைவிடச் சின்னது, 286 சிசி. உங்கள் நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள், “லாங் போக முடியாது” என்ற பேச்சு அடங்கும்.

மனைவி வருவதைப் பற்றி. இரண்டு பேர், உடை, பை எல்லாம் சேர்த்தால் 150 கிலோ வரும். ஒவ்வொரு வண்டிக்கும் மொத்தம் எவ்வளவு எடை தாங்கும் என்று அதனுடன் தரும் கையேட்டில் போட்டிருக்கும், அதில் இருந்து வண்டியின் எடையைக் கழித்துப் பாருங்கள், பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். ஏற்காடு, ஏலகிரி என்று ஒரு நாள் போய்வர 200 சிசி தாங்கும், பின் ஸ்பிரிங்கை இரண்டு படி இறுக்கிக்கொண்டால் போதும். லடாக் வரை அவரும் வருவார் என்றால் 400-க்குக் கீழே யோசிக்காதீர்கள். அவரிடம் முதலில் கேட்டீர்களா? கேள்வியைக் கேட்டது நீங்கள், பின் சீட்டில் பதினைந்து நாள் உட்காரப் போவது அவர். ஷோரூமுக்கு அவரையும் அழைத்துப் போய் உட்கார வையுங்கள். எக்ஸ்பல்ஸின் பின் சீட்டைப் பார்த்துவிட்டு “நான் ஃபிளைட்டில் வந்துவிடுகிறேன்” என்று சொல்லும் வாய்ப்பு உண்டு, சொன்னால் அதுவும் நல்ல ஏற்பாடுதான்.

பணத்தில் ஒரு கோடு இருக்கிறது, 350 சிசி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40. தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸும் அந்தக் கோட்டைத் தாண்டினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. செகண்ட் ஹேண்ட் பெரிய வண்டி மலிவாக வருகிறது என்கிறீர்கள். வண்டி மலிவுதான். அதன் ஒரு ஜோடி டயர், செயின் செட், பிரேக் பேடு மூன்றையும் விலை விசாரித்துவிட்டு வந்து சொல்லுங்கள். சேலத்தில் கிடைக்காது, பெங்களூருக்கோ சென்னைக்கோ சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும், நடுவழியில் கிளட்ச் கேபிள் அறுந்தால் ஆத்தூரிலேயே கிடைக்காதது ஸ்பிட்டியில் இருக்கும் காசா ஊரில் எங்கே கிடைக்கும்?

சரி, என்ன வாங்குவது? உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது லடாக் இல்லை, அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான். வருடத்தில் ஐம்பது ஞாயிறு, லடாக் ஒரு தடவை. வண்டியை அந்த ஐம்பதுக்காக வாங்குங்கள். கருமந்துறைப் பக்கம் மண் ரோட்டில் தனியாகப் போகவும், தைரியமாக விழவும், விழுந்ததைத் தூக்கிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேரவும் உங்கள் உடம்புக்கு 160, 170 கிலோதான் சரி. எக்ஸ்பல்ஸ், 200-ஓ 210-ஓ, உங்களுக்குப் பிடித்ததை எடுங்கள், லடாக்குக்கு ரயிலில் போடுங்கள். இல்லை, சேலத்தில் இருந்தே ஓட்டிக்கொண்டு போனால்தான் எனக்கு மனசு ஆறும் என்றால், தனியாக என்றால் வி-ஸ்ட்ராம் 250 பாருங்கள், அது நெடுஞ்சாலையில் நல்லவன், மண் ரோட்டில் சுமாரானவன். மனைவியோடு, சேலத்தில் இருந்தே, லடாக் வரை என்றால் மட்டும் ஹிமாலயன். உங்கள் உயரத்துக்குப் புதியதைவிடப் பழைய 411 நன்றாக ஊன்றும், ஒருவர் கை மாறிய நல்ல வண்டி சேலத்திலேயே கிடைக்கிறது, பார்த்துத் தருகிறேன். ஆனால் அதில் ஞாயிற்றுக்கிழமை மண் ரோட்டுக்குத் தனியாகப் போகாதீர்கள். 800 வேண்டாம். உங்கள் நண்பர்களில் யாருக்காவது வேண்டும் என்றால் அவர்களே வாங்கிக்கொள்ளட்டும்.

லக்கேஜுக்கு இரும்புப் பெட்டி மாட்டாதீர்கள். சேற்றில் காலை ஊன்றும்போது பெட்டி பின்னால் இருந்து கெண்டைக்காலில் வந்து இடிக்கும், எலும்பு முறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் தொங்கும் துணிப் பைதான் நல்லது, தண்ணீர் புகாத ரகமாக வாங்குங்கள். பை சின்னதாக இருந்தால் சாமானும் தானாகக் குறையும்.

பழகுவதற்கு ஏற்காடு காட்டுக்குள் இறங்கிவிடாதீர்கள், காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைந்தால் குற்றம், வனத்துறை வண்டியைப் பிடித்துக்கொள்ளும், நியாயமும் அதுதான். அடிவாரம் வழியைவிட குப்பனூர் வழியாக ஏறிப் பழகுங்கள், கூட்டம் குறைவு. மண்ணுக்குத் தண்ணீர் வற்றிய ஏரி எதுவும் போதும். எழுந்து நின்றுகொண்டு ஓட்டுவது, பின் பிரேக்கில் மட்டும் நிறுத்துவது, மணலில் கண்ணைத் தூரத்தில் வைப்பது, இந்த மூன்றையும் உங்கள் பழைய 150-லேயே இப்போதே ஆரம்பிக்கலாம், புது வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தூக்கும் முறையும் தெரிந்துகொள்ளுங்கள். இஞ்சினை அணைத்துவிட்டு முதல் கியரில் போடுங்கள், அப்போதுதான் உருளாது. சக்கரம் மேட்டுப் பக்கம் இருந்தால் தூக்காதீர்கள், வண்டியைத் தரையிலேயே இழுத்துத் திருப்பி, சக்கரம் பள்ளத்துப் பக்கம் வரும்படி செய்துகொள்ளுங்கள். வலது பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே வெளியே இழுத்து வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் சாய்ந்துவிடும், இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். ஹேண்டில் பாரைத் தரைப் பக்கமாக முழுக்கத் திருப்புங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டி, இடுப்பைச் சீட்டில் ஒட்டிக் குந்தி, ஒரு கை ஹேண்டில் பிடியில், இன்னொரு கை பின்னால் கேரியரில். முதுகை வளைக்காமல் காலால் தரையை உதைத்துச் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடங்கள்.

ஷோரூமில் புது வண்டியைப் படுக்கவைத்துப் பார்க்கச் சம்மதிக்க மாட்டார்கள். என் கடையில் பழைய 411 ஒன்றும் எக்ஸ்பல்ஸ் ஒன்றும் சர்வீஸ் பழக்கத்துக்காக வைத்திருக்கிறேன், ஏற்கனவே கீறல் விழுந்தவைதான். வர்ற ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கன்னங்குறிச்சி ஏரிக்கரைக்கு வாருங்கள். இரண்டு பையிலும் பத்துப் பத்துக் கிலோ மணல் போட்டு வைக்கிறேன். ஷூ போட்டு வாருங்கள், செருப்பில் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். ஒவ்வொன்றையும் மூன்று தடவை தூக்குங்கள், நான் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டு பார்க்கிறேன்.